சத்தம் வராத இருபத்தாறு வயலின்கள்

1

"ஏம்புள்ள அஞ்சல, நீ எழுதுற எழுத்தப் பாத்து எந்த மரமாச்சும் ஒரு சொட்டுப் பால் கூடுதலா ஊத்துமாலா?"

என் அண்ணன் முத்தையா இப்படிக் கேட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. லயத்து வரிசை வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்து சிலேட்டில் ஆங்கில எழுத்துகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் அப்போதே ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுக்காரன். தோளில் கம்பு, கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளி. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பேனாவைத் தொட்டதில்லை. கைநாட்டு வைக்கக் கட்டைவிரல் இருக்கிறது, அது போதும் என்றிருந்தார்கள். அண்ணனின் கேள்விக்குப் பதில் எட்டு வருடம் கழித்துத்தான் வந்தது.

அதை இப்போது எழுத வைத்தது போன வாரம் நடந்த ஒரு கூத்து.

மலாயாவில் தம்பின் டவுனிலிருந்து ஆறு மைல் உள்ளே இருக்கிறது எங்கள் தோட்டம். நடுவில் ஒரு பிரட்டுக் களம். விடிவதற்குள் எல்லோரும் வரிசையில் நின்று பெயர் கொடுத்துவிட்டு மரத்துக்குப் போகும் இடம் அது. போன வாரம் ஒருநாள் மத்தியானம் வேலை முடிந்தபின், தோட்டத்து ஆண்கள் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு முக்காலியோ பலகையோ தூக்கிக்கொண்டு அந்தக் களத்துக்கு வந்தார்கள். பிறை வடிவில் உட்கார்ந்தார்கள். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். பேச்சு இல்லை, சத்தம் இல்லை, கையில் ஒரு பொருளும் இல்லை.

சண்டை முடிந்து சீமையிலிருந்து புதிதாக வந்திருக்கும் மானேஜர் தொரை இதை பங்களா வராந்தாவிலிருந்து பார்த்தார். இந்த வருடம் சுற்றுவட்டாரமெல்லாம் ஸ்ட்ரைக். நாற்பது பேர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பதை அவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? தம்பின் போலீசுக்கு போன் செய்துவிட்டார்.

லாரியில் ஒரு மலாய்க்கார சார்ஜனும் இரண்டு போலீசும் வந்து இறங்கினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். தோட்டத்தில் மலாயும் ஆங்கிலமும் தமிழும் எழுதப் பேசத் தெரிந்த வாத்தியார் நான்தான்.

"இவர்கள் என்ன கேட்கிறார்கள்?" என்றார் சார்ஜன்.

"ஒன்றும் கேட்கவில்லை."

"பிறகு ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள்?"

பெரிய கங்காணி கருப்பண்ணன் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "சார்ஜன்கிட்ட சொல்லு தாயி. நாங்க வாசிச்சிக்கிட்டு இருக்கோம்."

நான் மொழிபெயர்த்தேன். சார்ஜன் நாற்பத்து மூன்று ஜோடி வெறுங்கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இது சங்கமா, சங்கமென்றால் பதிவு செய்ததா, செய்யவில்லையென்றால் இந்தத் தாளை நிரப்பிக் கொடு என்றார். தாளில் 'சங்கத்தின் வரலாறு, சுருக்கமாக' என்று போட்டு நாலு வரி இடம் விட்டிருந்தார்கள்.

நாலு வரியில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

2

சேலம் ஜில்லா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து எங்களைக் கப்பலேற்றியபோது எனக்கு ஐந்து வயது. ஊரைப் பற்றி எனக்கு நினைவிருப்பது ஒரு கிணறும், என்னைக் கடித்த ஒரு நாயும்தான். மற்றதெல்லாம் அப்பா சொல்லக் கேட்டது. அப்பா இப்போது இல்லை. ஒரு பசுவை வளர்த்து, ஆங்கிலப் பள்ளிக்கூடத்தின் சமையற்கட்டுக்குத் தினமும் பால் ஊற்றி, அதற்குப் பதிலாக என்னை அங்கே ஆறாம் வகுப்புவரை உட்கார வைத்தவர் அவர். ஆகையால் என் ஆங்கிலத்தில் குறை இருந்தால் அது பசுவின் குறை அல்ல.

சண்டைக் காலம் முழுவதும் நின்றுபோயிருந்த தபால் மறுபடி வரத் தொடங்கியதும் ஆத்தூரிலிருந்து சித்தப்பா ஆள் வைத்து எழுதி ஒரு கார்டு போட்டார். "எல்லோரும் உயிரோடு இருக்கிறீர்களா? ஜப்பான்காரன் இருந்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். "அண்ணன் வயலின் வாசித்தான்" என்று உண்மையை எழுதினேன். பதில் கார்டில் சித்தப்பா, எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்திருந்தார்.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இது வெறும் வேடிக்கையாகிவிடும். ஜப்பான்காரர்கள் சயாமில் காட்டை வெட்டி ரயில் பாதை போட்டார்கள். அதற்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம், அரிசி உண்டு, துணி உண்டு என்றார்கள். எங்கள் தோட்டத்திலிருந்து முதல் வண்டியில் பதினொரு பேர் போனார்கள். தம்பின் ரயில் ஸ்டேஷன் என்று பெயரே தவிர, அது இருப்பது மலாக்கா எல்லைக்குள். அவர்கள் வண்டி ஏறவே ஒரு எல்லையைத் தாண்டிப் போனார்கள். அதற்குப் பிறகு எத்தனை எல்லையோ. மூன்று மாதம் போனது, ஆறு மாதம் போனது, ஒரு வரி வரவில்லை. அங்கே போனவர்கள் பெரும்பாலும் திரும்புவதில்லை என்பது லாரிக்காரர்கள் வழியாக மெதுவாகத் தெரிந்தது.

அந்தப் பதினொரு பேரில் ஒருவர் வீரப்பன். கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் வாசிப்பவர். எங்கள் தோட்டத்தில் இசை என்று சொல்லத் தகுந்தது எதுவோ அது முதல் வண்டியிலேயே போய்விட்டது. இசைக்குழு அதற்கப்புறம்தான் வந்தது. சரித்திரம் இப்படித்தான் தலைகீழாகத் தொடங்குகிறது.

அடுத்த வண்டிக்கு ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி லிஸ்டு எழுதத் தொடங்கியிருந்தார். ஆபீஸ் ஜன்னல் வழியாக நான் எட்டிப் பார்த்துவிட்டேன். மூன்றாவது பெயர் என் அண்ணனுடையது. வீட்டில் அண்ணி ஐந்து மாதம்.

3

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஜப்பான்காரர் வந்திருந்தார். தன்னைத் 'தொரை' என்று கூப்பிடக் கூடாது, 'சென்செய்' என்று கூப்பிட வேண்டும் என்றார். வாத்தியார் என்று அர்த்தம். அவருடைய நாட்டில் பள்ளிக்கூடப் பாட்டு வாத்தியாராக இருந்தவராம். நல்லவர் என்று எழுதமாட்டேன். கோபம் வந்தால் கன்னத்தில் அறைவார், அறைந்துவிட்டுத் தாளம் தப்பியதற்காக என்பார். ஆனால் ரப்பரைப் பற்றி அவருக்கு ஒரு அக்கறையும் கிடையாது. ஒருநாள் வெள்ளைக்காரர்களின் கிளப்பைத் திறந்து பார்த்தவர், இரண்டு வயலினும், ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய வயலினும், அலமாரியில் ஒரு ஆங்கிலப் புத்தகமும் இருக்கக் கண்டார். அன்றோடு அவர் வேறு ஆளாகிவிட்டார்.

புத்தகத்தோடு என் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவருடைய ஆங்கிலம் என் ஜப்பானிய மொழியைப் போல இருந்தது. இரண்டுக்கும் நடுவில் மலாயைப் போட்டுச் சமாளித்தோம்.

"படி" என்றார்.

பெரிய இசைக்குழு ஒன்றை எப்படி அமைப்பது என்பது பற்றிய புத்தகம் அது. படம் போட்டிருந்தது. பிறை வடிவில் நாற்காலிகள். முன்னால் முதல் வயலின், இரண்டாம் வயலின், பின்னால் குழல், அதற்கும் பின்னால் மேளம். நான் படித்துச் சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சக்கரவர்த்தியின் பிறந்தநாளுக்கு இந்தத் தோட்டத்தில் இது வாசிக்க வேண்டும். செரம்பானிலிருந்து பெரிய அதிகாரியைக் கூப்பிடுவேன். எத்தனை பேர் வேண்டும்?"

நாற்காலிகளை எண்ணினேன். அறுபதுக்கு மேல் இருந்தன. தோட்டத்தில் வண்டியேறக்கூடிய வயதில் மிஞ்சியிருந்த ஆண்கள் எத்தனை பேர் என்றும் மனத்துக்குள் எண்ணினேன். நாற்பத்து மூன்று.

"சென்செய், இவர்கள் தினமும் பழக வேண்டும். நடுவில் சயாமுக்குப் போனால் பழக்கம் விட்டுப்போகும்" என்றேன்.

அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். "குழுவில் இருப்பவன் சயாமுக்குப் போகமாட்டான். எழுது" என்றார்.

எழுதினேன். அன்று மாலைக்குள் எங்கள் தோட்டத்தில் சங்கீதம் தெரியாத ஆண்பிள்ளை ஒருவரும் இல்லை.

4

உண்மையில் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆறு பேர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் ஆரோக்கியம் தம்பின் மாதா கோயிலில் வயலின் வாசிப்பவர். பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவர் ஒருவர், புல்லாங்குழல் ஒருவர், தவில் ஒருவர், தப்பு அடிப்பவர்கள் இருவர். மற்ற முப்பத்தேழு பேருக்கும் நான் நாற்காலி பார்த்து உத்தியோகம் போட்டேன்.

பெரிய கங்காணி நேராக வந்தார். "இருக்கிறதுலயே பெருசு எது தாயி?"

"அந்த ஆள் உயர வயலின், தாத்தா."

"அது எனக்கு. கங்காணி சின்னதப் புடிச்சா ஆளுங்க மதிப்பானுங்களா?"

கிராணிக்கு வேறு சங்கடம். பால்வெட்டுக்காரர்களோடு ஒரே வரிசையில் அவர் உட்காரமாட்டார். ஆனால் சயாம் லிஸ்டு எழுதுகிற கையையே சயாமுக்கு அனுப்புகிற காலம் அது. ஆகவே அவருக்கும் இடம் வேண்டும். மேளத்துக்குப் பின்னால் தனியாக நின்று, மூன்று மூலைக் கம்பி ஒன்றை ஒரே ஒரு முறை தட்டுகிற வேலையைக் கொடுத்தேன். மறுநாளே தன் லிஸ்டைத் தானே கிழித்துவிட்டார்.

அண்ணன் கடைசியாகத்தான் வந்தான். பள்ளிக்கூட வாசலில் நின்று, என் பேனாவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான்.

"என்னையும் ஒண்ணுல எழுதிவிடு புள்ள."

"என்னண்ணே வாசிப்பே?"

"எது மிஞ்சியிருக்கு?"

"இரண்டாம் வயலின்."

"சரி. அத எந்தப் பக்கம் புடிக்கிறது?"

எட்டு வருடத்துக்கு முந்திய கேள்வியை அப்போது நினைவுபடுத்தியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவனுக்குப் பின்னால் நின்ற அண்ணி இருமினாள், விட்டுவிட்டேன்.

ஆரோக்கியம் போக இருபத்தாறு பேர் வயலின் என்று எழுதியாயிற்று. ஆரோக்கியத்திடம் சொந்த வயலின் இருந்தது, கிளப்பில் இரண்டு. மற்ற இருபத்து நான்கையும் தோட்டத்துத் தச்சர் ரப்பர் ஷீட் அனுப்பும் பெட்டிப் பலகையில் அறுத்துச் செய்தார். அன்னாசி நார்தான் தந்தி. வில்லுக்கு மானேஜரின் பழைய குதிரை வால் கொடுத்தது. கடைசியில் அந்தக் குதிரை ஈ விரட்ட முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. அண்ணன் வயலினின் முதுகில் 'ஈரம் படாமல் வைக்கவும்' என்று ஆங்கிலத்தில் அச்சு இருந்தது. அதை நான் படித்துச் சொன்னதிலிருந்து மழைத்தூறலில் அவன் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினான். குழல் என்று எழுதிய ஒன்பது பேருக்கு மூங்கில். துளை போடவில்லை, போட்டால் ஆபத்து.

ஆளுக்கு ஒரு தாள் முன்னால் இருக்க வேண்டும் என்றது புத்தகம். சென்செய் தாமே ஒரு மார்ச் இயற்றியிருந்தார், அதை நான் நாற்பத்து மூன்று தாளில் பார்த்துப் பார்த்து வரைந்தேன்.

"பேப்பரப் பாத்துத்தான் வாசிக்கணும்னா கண்ணு தெரியாதவன் என்னலா பண்ணுவான்? நம்ம ஊர்ல மேளக்காரன் எவன் பேப்பர் வச்சிருந்தான்?" என்றான் அண்ணன்.

"நம்ம ஊர் மேளக்காரன் சயாமுக்குத் தப்பிக்க வாசிக்கலண்ணே."

5

முதல் பயிற்சி பிரட்டுக் களத்தில் நடந்தது. அங்கேதான் விபரீதம்.

தோட்டத்துப் பழக்கம் ஒன்று உண்டு. காலையில் எல்லோரும் பெயர் கொடுத்து முடித்ததும் கங்காணி கையிலிருக்கும் பிரம்பை உயர்த்துவார். சத்தம் அடங்கும். பிரம்பைக் கீழே இறக்குவார். அவ்வளவுதான், எல்லோரும் வாளியைத் தூக்கிக்கொண்டு அவரவர் மர வரிசைக்கு நடந்துவிடுவார்கள். இருபது முப்பது வருடமாகத் தினமும் இதே களம், இதே பிரம்பு.

சென்செய் முன்னால் வந்து நின்று தலை வணங்கினார். கையிலிருந்த குச்சியை உயர்த்தினார். சத்தம் அடங்கியது. அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நான் பார்த்தேன்.

குச்சியை இறக்கினார்.

நாற்பத்து மூன்று பேரும் எழுந்தார்கள். வயலினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரிசை கலையாமல், ரப்பர்க் காட்டுக்குள் நடந்துவிட்டார்கள். பெரிய வயலினைக் கங்காணி முதுகில் சுமந்துகொண்டு போனார். தவில்காரர் தன் மரத்தடியில் தவிலை இறக்கிவைத்துவிட்டு, பால் வெட்டும் உளியைத் தேடி இடுப்பைத் தடவியபோதுதான் அவருக்கு நினைவு வந்ததாம்.

முன்னால் நடந்துபோன, ஆட்களை மேய்க்கும் மண்டோருக்கு அன்று இரண்டு அறை. தாளம் தப்பியதற்காக.

குச்சி இறங்கினால் எழுந்திருக்கக் கூடாது என்பதைப் பழக்கவே இரண்டு வாரம் பிடித்தது. சென்செய் குச்சியை இறக்குவார், கால்கள் எழும், நான் பக்கத்திலிருந்து "உக்காருங்க!" என்று கத்துவேன். எங்கள் இசைக்குழு முதலில் கற்றுக்கொண்டது உட்காருவதைத்தான்.

இன்னொரு தொல்லை இன்னும் பெரியது. இருபத்தாறு வயலினும் சேர்ந்து சத்தம் போட்டால் ஆரோக்கியம் வாசிப்பது கேட்பதில்லை. கேட்பது, கதவிடுக்கில் வால் மாட்டிய பூனைகள். ஆயாக் கொட்டாயில் விட்டிருந்த குழந்தைகள் எல்லாம் ஒன்றாக அழத் தொடங்கின. இப்படியே அதிகாரி முன்னால் வாசித்தால் அன்று மாலையே லாரி வரும், எல்லோருக்கும் தெரியும். அண்ணிக்கு அப்போது எட்டு மாதம். "அஞ்சல, ஒங்கண்ணன் கைய வச்சாலே சத்தம் வருது. என்னமாச்சும் பண்ணு" என்றாள்.

புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். நாற்பதாம் பக்கத்தில் கிடைத்தது. ஆரோக்கியம் எல்லோர் வில்லுக்கும் தேய்த்துவிட்டது போல, வில்லின் மயிருக்கு ஒரு பிசினைத் தேய்க்க வேண்டும். தேய்க்காவிட்டால் வில் வழுக்கும், வயலின் ஒலிக்காது. எண்ணெய்ப் பசை பட்டால் சுத்தமாகக் கெட்டுவிடும் என்று எச்சரிக்கை வேறு செய்திருந்தார்கள்.

எச்சரிக்கை எழுதியவருக்கு என் நமஸ்காரம்.

தோட்டத்துப் பெண்கள் தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயில் ஆளுக்கொரு சொட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பஞ்சத்தில் அது பெரிய கொடை. இருபத்தாறு வில்லுக்கும் தடவினேன். மறுநாள் பயிற்சியில் இருபத்தாறு பேரும் வில்லை மேலும் கீழும் இழுத்தார்கள், ஒரு முனகல்கூட இல்லை. அவர்கள் நடுவிலிருந்து ஆரோக்கியத்தின் வயலின் மட்டும் தெளிவாக எழுந்தது.

சென்செய் நிறுத்தினார். வரிசைக்குள் வந்தார். அண்ணன் கையிலிருந்த வில்லை வாங்கி விரலால் தடவினார். விரலை மூக்கருகில் கொண்டுபோனார். அவர் அந்த விரலைத் தம் தலைமயிரில் நன்றாகத் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, வில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தம் இடத்துக்குப் போனார். அவருடைய தலை எண்ணெய் பார்த்தும் பல மாதம் ஆகியிருக்கும்.

அதே புத்தகத்தில் இன்னொன்றும் படித்தேன். சத்தம் குறைத்து மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்தில் தாளில் 'பி' என்று ஒரு எழுத்துப் போடுவார்களாம். இரண்டு பி போட்டால் மிக மெதுவாக. விழாவுக்கு முந்திய நாள் பென்சிலை எடுத்து இரண்டாம் வயலின் தாள்கள் எல்லாவற்றின் தலையிலும் நாலு பி போட்டுவைத்தேன். யாரையும் கேட்கவில்லை.

6

பிறந்தநாள் அன்று செரம்பானிலிருந்து அதிகாரி வந்தார். இடுப்பில் வாள், பின்னால் இரண்டு சிப்பாய்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு காலி லாரி. காலி லாரி எதற்கு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

எல்லோரும் வெள்ளைச் சட்டை. சிலருடையது மாவுச் சாக்குத் துணி. முன்வரிசை இடது ஓரத்தில் ஒரு முக்காலி காலியாக இருந்தது. முதல் நாளிலிருந்தே யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. நாதஸ்வரத்துக்கு என்று கங்காணி போட்டு வைத்தது.

சென்செய் குச்சியை உயர்த்தினார், இறக்கினார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை! எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. மார்ச் தொடங்கியது. ஆறு பேர் வாசித்தார்கள், முப்பத்தேழு பேர் அசைந்தார்கள். துளையில்லாத மூங்கிலில் ஒன்பது பேர் கன்னம் உப்ப ஊதினார்கள். கங்காணி பெரிய வயலினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கோயிலில் கற்பூரம் காட்டுகிறவர் போலக் கையை ஆட்டினார். கிராணி மட்டும் உதடு அசைய எண்ணிக்கொண்டே இருந்தார், தன் ஒரு தட்டுக்காக. மார்ச் முடிந்தது. அவர் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்.

அதிகாரி கை தட்டவில்லை. எழுந்து வந்தார். வரிசைகளுக்குள் மெல்ல நடந்தார். இரண்டாம் வரிசையில் நின்றார்.

"இவன் மட்டும் வாசிக்கட்டும்."

என் அண்ணன்.

முத்தையா வில்லை வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். உடம்பை ஒரு பக்கம் சாய்த்து இழுத்தான். காற்றுக்கூடச் சத்தம் போடவில்லை. இரண்டு சிப்பாய்களும் லாரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சத்தம் எங்கே?" என்றார் அதிகாரி. சென்செய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகம் சுண்ணாம்பாக இருந்தது. அதிகாரி, தாள்களைக் கையில் வைத்திருந்த என்னைப் பார்த்தார். "நீ! எழுத்து வேலை நீதானே? சொல்!"

என் கால் நடந்துபோனது எனக்கு நினைவில்லை. அண்ணனுக்கு முன்னால் இருந்த தாளை எடுத்தேன். அது தலைகீழாக இருந்தது. எடுக்கும்போதே மெதுவாக நேராக்கி, அதிகாரியிடம் நீட்டினேன்.

"இங்கே எழுதியிருக்கிறது, ஐயா. ஒரு பி என்றால் சத்தம் குறைத்து மெதுவாக. இரண்டு பி என்றால் மிக மெதுவாக. இவருக்கு எழுதியிருப்பது நாலு பி."

அதிகாரி விரல் வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சென்செய்யைப் பார்த்தார். "தோக்கியோவில் நான் மூன்றுக்கு மேல் பார்த்ததில்லையே" என்றார். அந்த அளவுக்கு ஜப்பானிய மொழி அப்போது எனக்குப் புரியும்.

சென்செய் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து வணங்கிச் சொன்னார்: "தோக்கியோவில் மூன்று போதும். இங்கே மரங்கள் அதிகம், ஆகையால் நாலு."

சங்கீதம் தெரியாது என்று சொல்லிக்கொள்ள எந்த அதிகாரிக்குத்தான் மனம் வரும்? அவர் தலையை ஆட்டினார். "மறுபடி" என்றார், சென்செய் குச்சியை உயர்த்தினார். அண்ணனின் வயலினுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் இழுத்தான். களம் முழுவதும் அப்படி ஒரு அமைதி. ஆயாக் கொட்டாயில் ஒரு குழந்தை சிணுங்கியது. எங்கோ ஒரு சேவல் கூவியது. அண்ணனின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை வயலின் மேல் விழுந்ததுகூட எனக்குக் கேட்டது.

அப்போது பின்னாலிருந்து கணீரென்று ஒரு 'டிங்'.

கிராணி எண்ணி முடித்துவிட்டார்.

அதிகாரி கண்ணைத் திறந்தார். முகத்தில் திருப்தி. "நன்று" என்றார்.

சென்செய் நிம்மதியில் பெருமூச்சு விட்டார். உயர்த்தியே வைத்திருந்த குச்சி அவரை அறியாமல் இறங்கியது. இரண்டு வாரம் பாடுபட்டுப் பழகிய அத்தனையும் அந்த ஒரு நொடியில் மறந்துபோனது. நாற்பத்து மூன்று பேரும் எழுந்தார்கள். வரிசை கலையாமல், ஒரே கால் வைத்து, வயலினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரங்களுக்குள் நடந்து மறைந்தார்கள். அதிகாரி விறைத்து நின்று சல்யூட் அடித்தார். இசைக்குழு ஒன்று இவ்வளவு ஒழுங்காக மேடையை விட்டுப் போய் அவர் பார்த்ததே இல்லையாம்.

லாரி காலியாகவே திரும்பியது.

7

அண்ணியின் பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. கோழியை மலாயில் விரட்டுகிறாள், பூனையைத் தமிழில் கொஞ்சுகிறாள், கோபம் வந்தால் அப்பனிடம் கற்ற ஜப்பான் வசவைச் சொல்கிறாள். என் வகுப்பில் கிழக்கு எது என்று கேட்டால் பிள்ளைகள் கையை நீட்டிக் காட்டுவதில்லை. அந்தப் பக்கம் திரும்பிக் குனிகிறார்கள். சக்கரவர்த்தி இருக்கும் திசை என்று ஜப்பான்காரர்கள் மூன்றரை வருடம் பழக்கியதை ஒன்றரை வருடத்தில் எடுக்க முடியவில்லை. ஆத்தூரைப் பற்றி நான் சொன்னால், அது எந்த ஸ்டேஷனுக்கு அடுத்தது என்று கேட்கிறார்கள்.

சண்டை முடிந்ததும் சென்செய் ஒருநாள் லாரியில் ஏறிப் போனார். குச்சியை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். கரும்பலகையில் எழுத்தைக் காட்ட அதைத்தான் வைத்திருக்கிறேன். பெட்டிப் பலகை வயலின்கள் கரையானுக்குப் போய்விட்டன; ஆனாலும் லாரி காலியாகத் திரும்பிய அந்த நாள் வந்தால் எல்லோரும் களத்தில் உட்கார்ந்து வெறுங்கையோடு வாசிக்கிறார்கள். வீரப்பன் இன்னும் வரவில்லை. சார்ஜன் கொடுத்த தாளில் உறுப்பினர் எண்ணிக்கை என்ற இடத்தில் நாற்பத்து நாலு என்று எழுதினேன். களத்தில் எண்ணியபோது நாற்பத்து மூன்றுதானே இருந்தது என்றார் சார்ஜன். ஒருவர் வெளியூர் போயிருக்கிறார் என்றேன்.

தாளின் அடியில் செயலாளர் பெயர் கேட்டிருந்தார்கள். தோட்டத்திலேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், கைநாட்டு செல்லாது. அடுத்த மாதம் நான் செரம்பானுக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் ஆள், எங்கள் லயத்தில் முதல் ஆள், பெண்களில் எங்கள் தோட்டத்துக்கே முதல் ஆள். இதை மூன்று முறை எழுதியதற்கு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

ஆகவே செயலாளர் என்ற இடத்தில் முத்தையா என்று எழுதி, முந்தாநாள் தம்பின் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாளில் அவன் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அண்ணன் வாளியைக் கீழே போட்டான். "யாரக் கேட்டு என் பேர எழுதின?"

"நாலு பி எழுதினப்போ யாரக் கேட்டேன்?"

அண்ணன் வாளியை எடுத்து ஓரமாக வைத்தான். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து கையை நீட்டினான். சிலேட்டைக் கொடுத்தேன். பலப்பத்தை உளி பிடிப்பதுபோலப் பிடித்தான். நேற்று மாலை முழுவதும் 'மு' எழுதினான். ஒவ்வொன்றும் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்துகொண்டு போனது, மரத்தில் பால்வெட்டு இறங்குகிற அதே சரிவு.

நான் திருத்தவில்லை. நாலே எழுத்து, இன்னும் எட்டு நாள் இருக்கிறது.